இன்சுலின் செலவைக் கணக்கிடுவது எப்படி?

சுகருக்கு இன்சுலின் போடவேண்டும் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, மாசத்துக்கு எவ்வளவு ஆகும் என்பதுதான். கடலூர் லாரன்ஸ் ரோடு மெடிக்கலில் ஒரு விலை சொல்வார்கள், புதுச்சேரியில் வேறொரு விலை. இரண்டும் சரியாகவே இருக்கலாம். ஒன்று பாட்டில், மற்றது பேனா வடிவ ஊசிக்குள் பொருத்தும் கார்ட்ரிட்ஜ். அதனால் பெட்டி விலையை விட்டுவிட்டு, ஒரு யூனிட் (இன்சுலினை அளக்கும் அளவு) என்ன விலை என்று பாருங்கள்.

1. பெட்டியைக் கையில் எடுங்கள். பிராண்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அப்புறம் ஒரு மில்லிக்கு எத்தனை யூனிட், மொத்தம் எத்தனை மில்லி என்று பாருங்கள். நம் ஊரில் பாட்டில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், 10 மில்லி. ஆக 400 யூனிட். கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100, 3 மில்லி. ஆக 300 யூனிட்.

2. எம்ஆர்பியை யூனிட்டால் வகுங்கள். வரி அதற்குள்ளேயே அடக்கம். புரிவதற்காக, கார்ட்ரிட்ஜ் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 1 ரூபாய்.

3. தினசரித் தேவையை எழுதுங்கள். பலரும் தவறவிடுவது இங்கேதான். பேனாவில் ஒவ்வொரு முறையும் குத்துவதற்கு முன் 2 யூனிட்டை வெளியே தள்ளிப் பார்க்கவேண்டும். காலை 12, இரவு 8 என்றால் உண்மையில் நாளுக்கு 24. மாசத்துக்கு 720. இரண்டு கார்ட்ரிட்ஜ் போதாது, 3 வாங்கவேண்டும்.

டோஸ் குறைவாக இருந்தால் கணக்கே மாறிவிடும். நாளுக்கு ஒரே வேளை, 6 யூனிட் மட்டும் போடுகிறீர்கள் என்றால், தள்ளுவதையும் சேர்த்து நாளுக்கு 8. கிளார்ஜின் என்ற நீண்ட நேரம் வேலைசெய்யும் இன்சுலின் போன்றவற்றைத் திறந்தபின் 28 நாள்தான் வைக்கலாம். அதற்குள் 224 யூனிட் தீரும், மீதி 76 குப்பைக்குப் போகும். உடம்புக்குள் போனது 168 யூனிட்தான். 1 ரூபாய் என்று நினைத்தது ஏறக்குறைய 1.79 ரூபாய் ஆகிவிட்டது. எத்தனை நாள் வைக்கலாம் என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே அச்சிட்டிருக்கும், படித்துவிடுங்கள்.

4. ஊசி, சிரிஞ்ச், சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் ஆகியவற்றையும் கூட்டுங்கள். விலை மலிவு என்று சிரிஞ்சை மட்டும் மாற்றிவிடாதீர்கள். மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கான சிரிஞ்சில் மில்லிக்கு 100 யூனிட் மருந்தை இழுத்தால் டோஸ் இரண்டரை மடங்காகும். உயிருக்கே ஆபத்து.

5. இப்போது குறைக்கும் வழி. கிளார்ஜின் 2022ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியல் மருந்துகளுக்கு அரசு உச்சவரம்பு விலை வைக்கிறது. அதற்குக் கீழே தள்ளுபடி தாராளமாகக் கேட்கலாம். மக்கள் மருந்தகத்திலும், கடலூர் பக்கம் என்றால் 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் விசாரியுங்கள். அரசு மருத்துவமனையில் பதிவு செய்துகொண்டால் இன்சுலினை இலவசமாகவே வாங்கலாம்.

கட்டுப்படியாகவில்லை என்று நீங்களாக டோஸைக் குறைக்கவே கூடாது. கணக்கு எழுதிய தாளை டாக்டரிடம் காட்டி, "இதைவிட விலை குறைந்த இன்சுலின் எனக்குச் சரிவருமா?" என்று கேளுங்கள். வேறொன்று எழுதிக்கொடுத்தால் எத்தனை யூனிட், எந்த சிரிஞ்ச் என்பதையும் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.