மன்னிக்கச் சொல்லப் போறவங்க பண்ணக்கூடாத தப்புகள்

எங்க சபையில புதுசா செல் குரூப் (வீடுகள்ல கூடுற சின்ன ஜெபக் குழு) நடத்த வர்றவங்க வீடு சந்திக்கப் போறப்போ நானும் கூடப் போவேன். எல்லாருமே நல்ல மனசோடதான் வர்றாங்க, ஆனா கிருபை, இரக்கம், மன்னிப்புன்னு பேச்சு வந்தா வருஷா வருஷம் அதே இடத்துலதான் சறுக்குறாங்க. ஜெபிக்கல, வேதம் வாசிக்கலங்கிற தப்பையெல்லாம் இங்க எழுதல, அது அவங்களுக்கே தெரியும்.

கிருபையைத் தவணைக் கடனா நினைக்கிறது

மத்தேயு 18ல இயேசு சொல்ற உவமையில, பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் ராஜா முன்னாடி விழுந்து என்ன கேக்குறான்னு பாருங்க. "பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்"ங்கிறான், அதாவது டைம் கேக்குறான். ராஜா டைமெல்லாம் குடுக்கல, மொத்தத்தையும் தள்ளுபடி பண்ணிட்டார். ஒரு தாலந்துன்னா சுமார் 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி, அப்போ அவன் பட்ட கடன் 6 கோடி நாள் கூலி, இன்னைக்கு நாளுக்கு 700 ரூபான்னு வச்சாகூட 4,200 கோடி. எதை வச்சுக் கட்டுவான்? ஆனா அதே ஆள் வெளிய வந்ததும், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன்வேலைக்காரன் தொண்டையைப் பிடிச்சு நெரிச்சான்.

ரட்சிக்கப்பட்ட புதுசுல நிறைய பேர் இப்படித்தான், இந்த வாரம் கோபப்பட்டுட்டேன் அதனால மூணு நாள் உபவாசம், போன மாசம் பொய் சொன்னேன் அதனால காணிக்கை கூட போடுறேன்னு கணக்குப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. உபவாசம் நல்லதுதான், ஆனா அது வட்டி கட்டுறது ஆகாது. எபேசியர் 2:8 "இது தேவனுடைய ஈவு"ன்னு சொல்லுது. தனக்கு சும்மா கிடைச்சதுன்னு மனசார நம்பாதவன்தான் வெளிய வந்ததும் அடுத்தவன் தொண்டையை நெரிக்கிறான்.

அடுத்தவங்க கடனை நீங்க தள்ளுபடி பண்றது

இதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் ஆத்திரம் வரும்.

ஒரு அக்கா, புருஷன் தவறிட்டார், தையல் வேலை பாத்து ரெண்டு பிள்ளைங்களைப் படிக்க வைக்கிறாங்க. மகளோட காலேஜ் ஃபீஸுக்கு வச்சிருந்த சீட்டுப் பணத்தை சபையில பொறுப்புல இருந்த ஒருத்தர் அவசரம்னு வாங்கிட்டுத் திருப்பிக் குடுக்கவே இல்ல. புது செல் லீடர் ஒரு தம்பி, தையல் மெஷின் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, "அக்கா, ஆண்டவர் நமக்கு எவ்வளவு மன்னிச்சிருக்கார், இந்தச் சின்ன விஷயத்தை விட்டுடுங்க, கசப்போட திருவிருந்து எடுத்தா ஆக்கினை"ன்னு சொன்னார். அக்கா பதிலே பேசல, கையில இருந்த ப்ளவுஸுக்கு ஹூக் தச்சுக்கிட்டே இருந்தாங்க. அடுத்த திருவிருந்துல அப்பத் தட்டு வந்தப்போ எடுக்காம பக்கத்துல இருந்தவங்ககிட்ட குடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் சபைக்கே வரல. பணம் வாங்கினவர் முன் வரிசையில நின்னு பாடிட்டு இருந்தார், அவர் வீட்டுல போய் யாரும் ஸ்டூல் போட்டு உக்காரல.

முதல்ல, சின்ன விஷயம்னு யார் சொன்னது? உவமையில வர்ற ரெண்டாவது கடன் நூறு வெள்ளிப்பணம், நூறு நாள் கூலி, இன்னைக்கு 70,000 ரூபா. கூலி வேலைக்காரனுக்கு அது பெரிய காசு. பதினாயிரம் தாலந்துக்குப் பக்கத்துல வச்சாத்தான் அது சின்னதாத் தெரியும், அப்படி வச்சுப் பாக்க வேண்டியது கடன் குடுத்தவங்கதான், அதுவும் தனக்கு விடுதலை கிடைச்ச சந்தோஷத்துல. ராஜா தன் பணத்தைத்தான் விட்டுக்குடுத்தார்.

அதே அதிகாரத்தை 15ம் வசனத்துல இருந்து வாசிங்க. தனியாப் போய் குற்றத்தை உணர்த்து, கேக்கலன்னா ஒண்ணு ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போ, அப்பவும் கேக்கலன்னா சபைக்குச் சொல்லு. இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் எத்தனை தரம் மன்னிக்கணும்ங்கிற பேதுருவோட கேள்வியும், ஏழெழுபது தரம்ங்கிற இயேசுவோட பதிலும் வருது. 31ம் வசனத்துல உடன்வேலைக்காரங்க நடந்ததைப் பாத்துத் துக்கப்பட்டு ராஜாகிட்ட போய்ச் சொல்றாங்க, ஏன் கோள் சொல்றீங்கன்னு ராஜா அவங்களைத் திட்டல. செல் லீடர் நிக்க வேண்டிய இடம் அதுதான்.

மன்னிச்சா கேஸும் போடக்கூடாதுன்னு சிலர் சொல்றாங்க. 1999 ஜனவரியில ஒடிசா மனோகர்பூர்ல ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெய்ன்ஸையும் அவரோட ரெண்டு பையன்களையும் ஜீப்போட எரிச்சாங்க. அவர் மனைவி கிளாடிஸ் மன்னிச்சுட்டேன்னு சொன்னாங்க, அந்த ஊர்ப்பக்கமே தங்கி தொழுநோயாளிகளுக்கு ஊழியமும் பண்ணாங்க. கேஸ் அது பாட்டுக்கு நடந்து, 2011ல சுப்ரீம் கோர்ட் ஆயுள் தண்டனையை உறுதி பண்ணுச்சு. அவங்க மன்னிப்பு அதனால குறைஞ்சு போகல.

அக்கா விஷயத்துல கடைசியா பாஸ்டரும் நானும் அந்த மனுஷன் வீட்டுக்கு ரெண்டு தரம் போனோம், தவணை தவணையாக் குடுத்து முடிச்சார். மன்னிச்சீங்களான்னு அக்காகிட்ட நாங்க கேக்கல. பல மாசம் கழிச்சு அவங்களே ஒரு நாள் அவர் பேரைச் சொல்லி ஜெபிச்சாங்க.

மன்னிச்சா மறந்துடணும்னு சொல்றது

அண்ணன்மார் தன்னை அடிமையா வித்ததை யோசேப்பு மறக்கல. அவங்க தம்பி பென்யமீனையும் விட்டுட்டுப் போவாங்களான்னு சோதிச்சுப் பாத்துட்டுத்தான் தான் யாருன்னு சொன்னான்.

கிருபை இருக்குன்னு அதே பாவத்துல இருக்கிறது

ரோமர் 6:1, 2ல, கிருபை பெருகணும்னு பாவத்துலயே இருக்கலாமான்னு பவுல் கேட்டுட்டு, அவரே பதில் சொல்றார்: "கூடாதே."

சாரி மட்டும் சொல்றது

வரி வசூல் பண்ண சகேயு, ஏமாத்தி வாங்கினதை நாலு மடங்கா திருப்பிக் குடுக்கிறேன்னு இயேசுகிட்ட சொன்னான்.

அடி வாங்குற பெண்ணை அதே வீட்டுக்கு அனுப்புறது

பண்ணவே பண்ணாதீங்க. முதல்ல பத்திரமான இடம், 181க்கு (பெண்கள் உதவி எண்) போன். புருஷனுக்காக ஜெபிக்கிறதை அங்க இருந்தே ஜெபிக்கலாம்.