ஒன்பதாவது ஆட்டத்தைக் கவனியுங்கள்

இளம் ஐஸ் ஹாக்கி வீரர் ஒருவரைத் தொடர்ந்து கவனிக்க ஆசையா? கோல் கணக்கை அப்புறம் பார்க்கலாம். நான் முதலில் எண்ணுவது ஆட்டங்களைத்தான்.

வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் ஓர் அணியோடு 18 வயதில் கையெழுத்திட்டால் முதல் ஒப்பந்தம் 3 ஆண்டு. அந்தப் பருவத்தில் 10 ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் அந்த ஆண்டு கணக்கில் சேராது, ஒப்பந்தம் ஓராண்டு தள்ளிப்போகும். அதனால்தான் 9 ஆட்டம் முடிந்ததும் சில பையன்களை ஜூனியர் அணிக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நன்றாக ஆடியவனை ஏன் அனுப்பினார்கள் என்று கோபப்பட்டிருக்கிறேன். சம்பளம் குறைந்த அந்த முதல் ஒப்பந்தம் இன்னும் ஓராண்டு நீளும் அல்லவா, எல்லாம் காசுக் கணக்கு!

அடுத்து, களத்தில் எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று பாருங்கள். குறைந்த நேரமே களம் காணும் நான்காவது வரிசையில் ஆடுபவரைப் பவர்ப்ளேயில், அதாவது எதிரணி ஆள் தண்டனையில் வெளியே உட்கார்ந்திருக்கும்போது, இறங்குபவரோடு ஒப்பிடாதீர்கள்.

காயத்தையும் கழிக்க வேண்டும். 2015-ல் இளம் வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எட்மண்டன் ஆயிலர்ஸ் அணி முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த கானர் மெக்டேவிட்டுக்கு அந்த நவம்பரில் காரை எலும்பு முறிந்தது. 37 ஆட்டம் போச்சு. அந்தப் பருவத்தில் அவர் எடுத்தது, கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து, 48 புள்ளி என்றால் சுமார்தான். 45 ஆட்டத்தில் 48 என்று படியுங்கள்! சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை என்னவோ ஆர்டெமி பனாரின் என்ற வீரருக்குப் போனது. ரஷ்யாவில் பல ஆண்டு தொழில்முறையாக ஆடிவிட்டு வந்தவர் அவர். அவரைப் புதுமுகம் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.