ஆண்ட்ராய்டை மூலநிரலிலிருந்து பில்ட் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்ட்ராய்டின் மாற்றுப் பதிப்பான லீனியேஜ் ஓஎஸ்ஸைச் சொந்தமாக பில்ட் செய்ய (மூலநிரலைப் போனில் ஓடும் கோப்பாக மாற்ற) இறங்கும் பலர், போன் பெட்டியில் இருக்கும் பெயரை நம்பியே முதல் தவறைச் செய்கிறார்கள். ரெட்மி நோட் 4 என்ற ஒரே பெயரில் இரண்டு போன்கள் வந்தன. ஸ்னாப்டிராகன் 625 சிப் உள்ளதன் குறிப்பெயர் ‘மிடோ’, மீடியாடெக் சிப் உள்ளதன் குறிப்பெயர் ‘நிக்கல்’. ஒன்றுக்குக் கட்டியது மற்றதில் ஓடாது. கல்முனையிலோ காத்தான்குடியிலோ பாவித்த போன் வாங்கியிருந்தால், கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி ஷெல்லில் ‘கெட்ப்ராப் ஆர்ஓ.ப்ராடக்ட்.டிவைஸ்’ என்று கேளுங்கள், போனே தன் பெயரைச் சொல்லிவிடும். போனைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரின் பூட்டு திறக்குமா, ஓஎஸ்ஸின் மையமான கேர்னலின் மூலநிரல் வெளிவந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும், முதல் முறை பில்ட் செய்பவர் வேறு போனைத் தேடுவதே நல்லது.

அடுத்தது கணினி. லீனியேஜ் 18.1 முதலான பதிப்புகள் 32 ஜிபி ராமும் 300 ஜிபி இடமும் கேட்கின்றன. கூகுள் தன் ஆண்ட்ராய்டு மூலநிரலுக்கு 64 ஜிபி ராம், 400 ஜிபி இடம் என்கிறது. 16 ஜிபிதான் இருக்கிறதென்றால் எஸ்எஸ்டியில் 32 ஜிபி ஸ்வாப் (ராம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) ஒதுக்கி, ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை 4 ஆகக் குறைத்து ஓட்டிப் பார்க்கலாம். முடிய நெடுநேரம் ஆகும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பாகத்தில் மூலநிரலை இறக்காதீர்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தில் மட்டும் பெயர் மாறும் கோப்புகள் கேர்னலில் உண்டு, விண்டோஸ் அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் (தமிழ் எழுத்துக்கு இல்லாத தொல்லை இது). லினக்ஸின் இஎக்ஸ்டி4 பாகம்தான் வேண்டும். ஃபோல்டர் பெயரில் இடைவெளியும் கூடாது. சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் லேப்டாப்பை மெத்தையில் வைத்து பில்ட் ஓடவிட்டால் சூட்டில் ப்ராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

நம் கிழக்கிலங்கைப் பக்கத்தில் ஆட்களைக் கூடுதலாகக் கவிழ்ப்பது டவுன்லோட்தான். மூலநிரலைப் பழைய மாற்றங்களின் முழு வரலாற்றோடு இறக்கினால் 100 ஜிபியைத் தாண்டும். அதனால் மூலநிரலை இறக்கும் ரெப்போ கருவிக்கு ‘ரெப்போ இனிட்’ கொடுக்கும்போதே ஆழம் 1 (கடைசி நிலை மட்டும்) என்று சேர்த்துவிடுங்கள். கோப்புகளை இறக்கும் ‘ரெப்போ சிங்க்’ கட்டளை, விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பது பாதி உண்மை. முடிந்த ப்ராஜெக்டுகளை (மூலநிரலின் தனித்தனிப் பகுதிகளை) திரும்ப இறக்காது, ஆனால் பாதியில் அறுந்த ப்ராஜெக்ட் பெரும்பாலும் முதலிலிருந்தே தொடங்கும். கிளாங் கம்பைலர் போன்ற பல ஜிபி ப்ராஜெக்ட் 4ஜி ரவுட்டரில் திரும்பத் திரும்ப அறுந்தால் டேட்டா பேக்கேஜ் அதிலேயே கரைந்துவிடும். இணையான இறக்கத்தை 1 ஆக்கி, லைன் நெரிசல் குறைந்த நள்ளிரவுக்குப் பிறகு ஓட்டுங்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் நண்பரிடம் அதே பதிப்பு இருந்தால் அவருடைய ‘.ரெப்போ’ ஃபோல்டரை இஎக்ஸ்டி4 டிஸ்க்கில் பிரதி எடுத்து வந்து, ‘ரெப்போ சிங்க்’ கட்டளையோடு ‘எல்’ சேர்த்தால் இணையமே இல்லாமல் கோப்புகள் விரியும். பெரிய கோப்புகளை இறக்கும் கிட் எல்எஃப்எஸ் போட மறந்தால், ஆப்களுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் வெப்வியூ இருக்க வேண்டிய இடத்தில் சில வரி உரைக் கோப்புதான் கிடக்கும், பில்ட் அதில் இடறும்.

மார்கழி மழையில் கரண்ட் போவது புதிதல்ல. சிங்க் நடக்கும்போது போனால் ‘ஆப்ஜெக்ட் ஃபைல் காலி’ என்ற பிழை வரலாம். எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். அந்த ஒரு ப்ராஜெக்டை ‘.ரெப்போ’வுக்குள் ‘ப்ராஜெக்ட்ஸ்’, ‘ப்ராஜெக்ட்-ஆப்ஜெக்ட்ஸ்’ இரண்டிலும் நீக்கி, அதை மட்டும் திரும்ப சிங்க் செய்தால் போதும். பில்ட் நடுவில் போனாலும் பில்ட் கோப்புகள் சேரும் ‘அவுட்’ ஃபோல்டரை அழிக்காமல் அதே கட்டளையைக் கொடுங்கள், முடிந்த வேலை பெரும்பாலும் வீணாகாது.

கமெரா, கைரேகை, மொடம் ஆகியவற்றின் மூடிய (மூலநிரல் வெளியிடப்படாத) கோப்புகளை, நீங்கள் கட்டும் அதே லீனியேஜ் பதிப்பு ஓடும் போனிலிருந்தே எடுக்க வேண்டும். போனோடு வந்த பழைய ஸ்டாக் ரோமிலிருந்து எடுத்தாலும் பில்ட் வெற்றி என்றே காட்டும். போனில் போட்ட பிறகுதான் கமெரா திறக்காது என்று தெரியும்.

பில்ட் நின்றால் கடைசி வரியைப் படித்துக் குழம்பாதீர்கள். ‘நின்ஜா (பில்டை ஓட்டும் கருவி) நின்றது’ என்பது விளைவு மட்டுமே. மேலே போய் முதல் ‘ஃபெயில்ட்’ வரியைத் தேடுங்கள், அல்லது ‘அவுட்’டுக்குள் ‘எரர்.லாக்’ கோப்பைத் திறவுங்கள். ‘கில்ட்’ என்றோ 137 என்றோ கண்டால் நிரலில் பிழை தேட வேண்டாம், பெரும்பாலும் ராம் போதாமல் லினக்ஸே அந்த வேலையைக் கொன்றிருக்கும்.

போனில் ஏற்றும் முன்: பூட்லோடர் திறந்தால் போனில் உள்ள எல்லாம் அழியும். அதிகாரபூர்வ லீனியேஜின் மேல் உங்கள் பில்டைப் போட்டால் பில்டில் கையொப்பமிடும் சாவிகள் ஒத்துவராது, டேட்டாவை பார்மட் செய்யாமல் சரியாக ஓடாது. நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தி போனின் அடையாளமான ஐஎம்இஐ எண்ணை எழுதி வையுங்கள். ஸ்னாப்டிராகன் போனில் மொடம்எஸ்டி1, மொடம்எஸ்டி2, பெர்சிஸ்ட் பாகங்களை ரிகவரியிலிருந்து (பழுதுபார்க்கும் தனித் தொடக்கத் திரையிலிருந்து) பிரதி எடுங்கள். மொடம்எஸ்டி பாகங்கள் கெட்டால் சிம் போட்டாலும் சிக்னல் வராது. எடுத்த பிரதியைக் கணினிக்கு மாற்றிவிடுங்கள். போனுக்குள்ளேயே விட்டால் பார்மட்டோடு அதுவும் போய்விடும்.