செஸ்ட் ஃப்ரீசர்ல பீர் குழாய் வைக்கணுமா, முதல்ல இதப் படிங்க

ஃப்ரீசரோட பக்கச் சுவத்துல மட்டும் டிரில் போட்டுடாதீங்க, உள்ள குளிரூட்டுற கேஸ் பைப் ஓடுது, ஒண்ணு ஓட்டையானா ஃப்ரீசர் காலி. மூடியக் கழட்டி, மூடிக்கும் பெட்டிக்கும் நடுவுல மரப்பலகைல ஒரு சட்டம் அடிச்சு சிலிக்கான் வச்சு ஒட்டி, குழாய்க்கு அதுல ஓட்டை போடுங்க. ஃப்ரீசர் பிளக்க டெம்பரேச்சர் கன்ட்ரோலர்ல (குளிர் அளவப் பாத்து கரண்ட ஆன் ஆஃப் பண்ற பெட்டி) சொருகி 3-4 டிகிரி செல்சியஸ் வைங்க, இல்லன்னா பீர் கட்டியாயிடும், அப்புறம் சென்சர காத்துல தொங்கவிடாம கெக் (பீர் இருக்கிற பீப்பாய்) மேலயே டேப் சுத்தி ஒட்டுங்க, இல்லன்னா கம்ப்ரசர் சும்மா சும்மா ஆன் ஆஃப் ஆகியே உயிர விட்டுடும். பீர வெளிய தள்ற கார்பன் டை ஆக்சைடு கேஸுக்கு 10-12 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். பீர் டியூப் 10 அடி வைங்க, நான் கஞ்சத்தனமா 4 அடி போட்டு கிளாஸ் முழுக்க நுரையத்தான் குடிச்சேன். ஒவ்வொரு ஜாயின்ட்லயும் சோப்புத்தண்ணி தடவுங்க, குமிழ் வந்தா லீக்குதான்.