ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு வரிக்குள் பிடிப்பது எப்படி?

எங்கள் வீட்டில் காலைக் காபியோடு 'வேர்டில்' (Wordle) என்ற, ஒளிந்திருக்கும் ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்கும் ஆன்லைன் விளையாட்டை ஆடுவது அம்மாதான். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவர். முதல் நாள் போனை நீட்டியபோது, "எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் எங்கடா வரும்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது பெரும்பாலும் நாலாவது வரியிலேயே முடித்துவிடுகிறார். இதற்காக அவர் ஒரு புதுச் சொல்லைக்கூட மனப்பாடம் செய்யவில்லை. எழுத்துகளைக் கழிக்கப் பழகிக்கொண்டார், அவ்வளவுதான். அவருக்குச் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பயத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டை உருவாக்கியவர் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த மென்பொருள் பொறியாளர் ஜோஷ் வார்டில். சொல் விளையாட்டுகளில் பிரியம் கொண்ட தன் துணைவி பலக் ஷாவுக்காகச் செய்தார். ஆங்கிலத்தில் உள்ள சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்களைப் பலக் ஷா பார்த்து, பழக்கமானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு சுமார் 2,500 ஆகச் சுருக்கினார். 2021 அக்டோபரில் பொதுமக்களுக்கு வந்தது, 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. பலக் ஷா அப்படிச் சலித்தெடுத்ததுதான் நமக்குப் பெரிய உதவி. விடையாக வருவது அநேகமாக நாம் எங்காவது பார்த்த சொல்லாகத்தான் இருக்கும்.

விதி எளிது. ஒரு நாளைக்கு ஒரு சொல், ஆறு வாய்ப்பு. ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை அடித்து எண்டர் தட்ட வேண்டும். எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை. விடையில் உண்டு, ஆனால் இடம் வேறு என்றால் மஞ்சள். விடையிலேயே இல்லாவிட்டால் சாம்பல்.

படி 1: காதை மூடிக்கொண்டு கண்ணால் தேடுங்கள்

தமிழில் படித்தவர்கள் தடுமாறும் இடம் இதுதான். நாம் சொல்வதை அப்படியே எழுதிப் பழகியவர்கள். 'லைட்' என்பது நமக்கு இரண்டெழுத்து. ஆங்கிலத்திலோ எல், ஐ, ஜி, எச், டி என்று ஐந்து. நடுவில் உள்ள ஜியும் எச்சும் காதுக்கே கேட்காது. அதனால் வாய்க்குள் சொல்லிப் பார்த்துத் தேடினால் சொல் சிக்காது. கடைப் பலகையில், மருந்துச் சீட்டில், பஸ் டிக்கெட்டில் அந்தச் சொல்லை எழுத்தாகப் பார்த்த ஞாபகத்தைக் கொண்டுவாருங்கள். ஒரு தாளில் ஐந்து கோடு போட்டு எழுத்துகளை நகர்த்திப் பார்ப்பது இன்னும் நல்லது. அம்மா பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்தான் கோடு போடுவார்.

படி 2: முதல் சொல்லில் அதிகம் புழங்கும் எழுத்துகளைப் போடுங்கள்

விடைகளில் அதிகம் வருபவை இ, ஏ, ஆர். இவை மூன்றும் 'க்ரேன்' என்ற சொல்லில் இருக்கின்றன: சி, ஆர், ஏ, என், இ. கொக்குக்கும் இதே சொல்தான், பாரம் தூக்கும் இயந்திரத்துக்கும் இதே சொல்தான். எங்கள் வீட்டில் தினமும் இதில்தான் தொடங்குவோம். ஒரே எழுத்து இரண்டு முறை வரும் சொல்லை முதல் வரியில் போடாதீர்கள். ஒரு கட்டம் வீணாகிவிடும்.

படி 3: இரண்டாவது வரியில் புது எழுத்துகள்

ஒரு நாள் ஆட்டத்தை அப்படியே காட்டுகிறேன். 'க்ரேன்' போட்டோம், ஐந்தும் சாம்பல். அம்மாவின் முகம் வாடிவிட்டது. உண்மையில் அது நல்ல செய்தி! ஏயும் இயும் ஒரே அடியில் போய்விட்டதால், மீதி உயிரெழுத்துகள் ஐ, ஓ, யு, எப்போதாவது ஒய். அடுத்து 'ஹாய்ஸ்ட்' போட்டோம்: எச், ஓ, ஐ, எஸ், டி. சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றுவதற்குச் சொல்வோமே, அந்தச் சொல். எச் மஞ்சள், ஐ மஞ்சள், கடைசி டி பச்சை. ஓவும் எஸ்ஸும் சாம்பல்.

இப்போது கோடுகளைப் பாருங்கள். ஐந்தாம் இடத்தில் டி. எச் முதலிடத்தில் இல்லை, ஐ மூன்றாம் இடத்தில் இல்லை. இரண்டாம் கோட்டில் ஐயை வைத்து, டிக்கு முன்னால் எச்சை வைத்தால் 'லைட்' குடும்பம் கண்ணில் படும். நைட், ரைட், சைட் மூன்றுமே அடிபட்டுவிட்டன, ஏனென்றால் என், ஆர், எஸ் சாம்பல். அன்றாடப் புழக்கத்தில் மிஞ்சுபவை நான்கு: லைட், மைட், ஃபைட், டைட்.

படி 4: ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்காதீர்கள்

நிறைய பேர் தோற்பது இங்கேதான். நான்கு சொல், நான்கு வரி மிச்சம், ஒவ்வொன்றாகப் போடலாமே என்று தோன்றும். அதிர்ஷ்டம் இல்லையென்றால் ஆறாவது வரி வரை இழுக்கும். இதுவே ஏழெட்டுச் சொல் மிஞ்சியிருந்தால் ஆட்டமே போய்விடும். அன்று நாங்கள் போட்டது 'ஃபிலிம்ஸ்': எஃப், ஐ, எல், எம், எஸ். இது விடையாக இருக்க முடியாது என்று தெரிந்தேதான் போட்டோம். எஃப்பில் நிறம் வந்தால் ஃபைட், எல்லில் வந்தால் லைட், எம்மில் வந்தால் மைட், மூன்றிலும் வராவிட்டால் டைட். ஒரே வரியில் நான்கு கேள்விக்கும் பதில். எம் மஞ்சளானது. நாலாவது வரியில் 'மைட்', ஐந்தும் பச்சை. "விடை இல்லாத சொல்லைப் போட்டு விடையைப் பிடிச்சிட்டோமே" என்று அம்மா கைதட்டிய காலை அது.

இந்த ஒரு படி கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். அமைப்புகளில் ஹார்ட் மோடு என்று ஒன்று உண்டு. அதில் கண்டுபிடித்த எழுத்துகளை அடுத்த வரியிலும் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். எச், டி இல்லாத 'ஃபிலிம்ஸ்' அங்கே செல்லாது. கற்றுக்கொள்ளும்போது அதை அணைத்தே வையுங்கள்.

படி 5: இரட்டை எழுத்தில் ஏமாறாதீர்கள்

விடை 'லெமன்' என்று வையுங்கள்: எல், இ, எம், ஓ, என். நீங்கள் 'லெவல்' போடுகிறீர்கள்: எல், இ, வி, இ, எல். முதல் எல்லும் முதல் இயும் பச்சை, அடுத்த இயும் எல்லும் சாம்பல். விடையில் அந்த எழுத்து ஒன்றுதான் என்பதற்கே அந்தச் சாம்பல். எழுத்தே இல்லை என்று எடுத்துக்கொண்டால் குழப்பம்தான்.

கடைசியாக இரண்டு சின்ன விஷயம். விளையாட்டு வெளிவந்தபோது பட்டியலில் இருந்த 2,315 விடைகளில் எஸ்ஸில் தொடங்குபவை 366, இயில் முடிபவை 424, ஒய்யில் முடிபவை 364. ஆனால் எஸ் சேர்த்த சாதாரணப் பன்மைகள் விடையாக வருவதில்லை. ஊகமாக மட்டும் போடலாம், நம் 'ஃபிலிம்ஸ்' போல. இன்னொன்று, எழுத்துக்கூட்டல் அமெரிக்க வழக்கு. நாம் பள்ளியில் படித்த 'ஹ்யூமர்' ஆறெழுத்து. அங்கே யு ஒன்று குறைந்து ஐந்தெழுத்து, 2022இல் விடையாகவே வந்தது. ஓ-ஆர் என்று முடிகிற சொல் கண்ணுக்குத் தப்பாகத் தெரிந்தாலும் துணிந்து போடுங்கள்.