மருத்துவ உதவியாளர் பயிற்சி: முதல் மாதங்களில் செய்யக்கூடாத தவறுகள்

பயிற்சியின் முதல் மாதம் ஒரு அம்மாவுக்கு பிரஷர் பார்த்தேன். 170க்கு 100. "கூடவா இருக்கு மிஸி?" என்று, என்னைத் தாதி என்று நினைத்துப் பயந்து கேட்டார். நானும் ஆமாம் என்று எழுதப் போனேன். மூத்த உதவியாளர் தடுத்து, அவரைப் பத்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார். 138க்கு 84.

அந்த அம்மா தோட்டத்து லய வீட்டிலிருந்து டிஸ்பென்சரி வரை ஏற்றம் ஏறி மூச்சு வாங்க வந்திருந்தார். நான் ஸ்வெட்டருக்கு மேலேயே பட்டியைச் சுற்றியிருந்தேன். இலங்கை மலையகத்தில் பயிற்சி பெறுகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். குறைந்தது ஐந்து நிமிட ஓய்வு வேண்டும். குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரின் கையை மேலே சுருட்டி இறுக்காமல், கழற்றச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட்டு, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டி போட்டால் அளவு கூடித்தான் காட்டும். அளக்கும்போது அவரும் பேசக்கூடாது, நீங்களும் கதை கேட்கக்கூடாது. தப்பான ஒரு எண் கிளினிக் கொப்பியில் ஏறினால், தேவையில்லாத மாத்திரையும் பின்னாலேயே வரலாம்.

அடுத்தது, நோயாளி சொன்னதை விட்டுவிட்டு நம் முடிவை எழுதுவது. "நெஞ்சு கரிக்குது" என்றால் உடனே கேஸ், அதாவது வாய்வு, என்று எழுதிவிடுகிறோம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் மாரடைப்பு பெரிய வலி இல்லாமலே வரலாம். அதனால் அவர் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள், எப்போது தொடங்கியது, வியர்த்ததா என்றும் கேளுங்கள். நோய் என்னவென்று சொல்வது வைத்தியரின் வேலை.

தேயிலைக் கொழுந்து மலையில் குளவி கொட்டியவர் வந்தால் தடிப்பையும் வீக்கத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். குரல் மாறுகிறதா, மூச்சு இழுக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரை உடனே கூப்பிடுங்கள். அவர் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். மயக்கம் வரும் ஆளை எழுப்பி நடக்க வைக்கக் கூடாது. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும்.

பாடநெறிக்குக் காசு கட்டும் முன்பும் இதே கவனம் வேண்டும். நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, அந்தப் பாடநெறிக்கும் தனியாக அங்கீகாரம் உண்டா, முடிவில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமையில் எத்தனையாம் மட்டம் கிடைக்கும் என்று கேளுங்கள். உதவியாளர் சான்றிதழை வைத்துக்கொண்டு அரச தாதியாகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு வர்த்தமானியில் தனி விண்ணப்பமும், உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞானப் பாடங்களும் கேட்பார்கள். சிங்களத்தையும் தள்ளிவைக்காதீர்கள். வாட்டில் உங்களோடு வேலை செய்கிறவர் சிங்களத்தில் சொல்வதைப் பாதி விளங்கிக்கொண்டு ஊசி ட்ரேயைத் தொடுவது ஆபத்து.

கடைசியாக, ரகசியம். நோயாளியும் நாமும் பெரும்பாலும் ஒரே தோட்டம்தான். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, "அந்தப் புள்ள ஏன் ஆஸ்பத்திரிக்கு வந்திச்சு?" என்று சித்தியே கேட்பார். "அதை நான் சொல்லக்கூடாது சித்தி" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒருமுறை வாய்விட்டால், அடுத்த தடவை அந்தப் பிள்ளை உங்களிடம் வராது.