போட்டோஅகூஸ்டிக் படம்: லேப்பில் முதல்முறை எடுப்பது எப்படி

திசுவுக்குள் சில மில்லிமீட்டர் போவதற்குள் ஒளி கன்னாபின்னாவென்று சிதறிவிடும். ஆனால் சிதறிய ஒளியும் உள்ளே இருக்கும் ரத்தக்குழாயில் பட்டு ரத்தத்தைத் துளியூண்டு சூடாக்கும் (ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும்), சூடானது விரியும், விரிந்ததும் ஒலி அலை கிளம்பும், அதை அல்ட்ராசவுண்ட் புரோபால் பிடிக்கலாம். 1880-லேயே கிரகாம் பெல் கவனித்த இந்த விளைவுக்குத்தான் போட்டோஅகூஸ்டிக் என்று பெயர்.

முதல் நாளே படமெடுக்க உங்கள் கையை நீட்டாதீர்கள், திசுவுக்குப் பதில் ஒரு மாதிரி செய்துகொள்ளுங்கள். 100 மி.லி. தண்ணீரில் 2 கிராம் அகார் (நோன்புக்கு இனிப்பு செய்யும் அதே கடல்பாசி) போட்டுக் கொதிக்கவைத்து, கொஞ்சம் ஆறியதும் 20% இன்ட்ராலிப்பிட் (நரம்பு வழி ஏற்றும் கொழுப்புக் கரைசல்) 5 மி.லி. கலந்தால் பால் போல வெளுக்கும். ஒளியைச் சிதறடிக்க அது வேண்டும். உள்ளே ரத்தக்குழாய்க்குப் பதிலாக 0.5 மி.மீ. பென்சில் லெட் ஒன்றைப் படுக்கவைத்து உறையவிடுங்கள். குமிழி இருந்தால் மறுபடி செய்யுங்கள்.

லேசர் துடிப்பு சில நானோநொடிதான் இருக்க வேண்டும், லேசர் பாயின்டர் உதவாது. 1064 நானோமீட்டர் லேசர் ஒளி கண்ணுக்கே தெரியாது என்பதால்தான் அதிக ஆபத்து, அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி போடாமல் யாரும் அறைக்குள் இருக்கக் கூடாது.

5 மெகாஹெர்ட்ஸ் புரோபை ஜெல் தடவி வையுங்கள், லேசர் கிளம்பும் நொடியை போட்டோடயோடு (ஒளி உணரி) சொல்லட்டும். இப்போது பலரும் சறுக்கும் இடம்: சாதாரண ஸ்கேனில் ஒலி போய்த் திரும்பும், அதனால் நேரத்தைப் பாதியாக்குவோம். இங்கே ஒலிக்கு ஒருவழிப் பயணம்தான். 30 மி.மீ. ஆழத்து லெட் சுமார் 20 மைக்ரோநொடியில் கேட்கும். பழைய சாஃப்ட்வேர் அதை 15 மி.மீ. என்று காட்டினால் பாதியாக்கும் வரியை எடுத்துவிடுங்கள்.

சரி, 40 மைக்ரோநொடியிலும் ஒரு சிக்னல் தெரிகிறதா? சிதறிய ஒளி புரோபின் முகத்திலேயே பட்டு, அங்கே பிறந்த ஒலி லெட்டில் மோதித் திரும்புகிறது என்று சந்தேகப்படுங்கள். ஒளி படும் திசையை மாற்றிப் பாருங்கள். லேசரை அட்டையால் மறைத்த பிறகும் நிற்கும் சிக்னல் வெறும் மின் இரைச்சல்.

அப்புறம் ரத்தம். 750 நானோமீட்டரில் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் அதிகம் உறிஞ்சும், 850-இல் ஆக்சிஜன் ஏறியது. இரண்டையும் ஒப்பிட்டால் ஆக்சிஜன் அளவை மதிப்பிடலாம். ஆனால் இரண்டு அலைநீளமும் ஆழத்துக்கு ஒரே அளவில் போய்ச் சேராது, அதைத் திருத்தாமல் வரும் சதவீதத்தை நான் நம்ப மாட்டேன்.